கைக்குழந்தையோடு வரும் நண்பர்களுக்கு மதியச் சாப்பாடு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, எதிரே ஆறிக்கொண்டிருக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த விருந்துகள் எனக்கு நிறைய உண்டு. கூப்பிட்டவர்கள் அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பாடுதான் அந்த நாளுக்குப் பொருந்தவில்லை. பிறகு நான் மற்றவர்களைக் கூப்பிட ஆரம்பித்தபோது, எது ஒத்து வருகிறது, எது வராது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பிறந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையோடு வருகிற நண்பர்களை முதல்முறையாகக் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்காக.

மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். சாப்பாடு காத்திருக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஒரு கையால் சாப்பிட வர வேண்டும். அவர்கள் வந்தபிறகு உங்களுக்கு அடுப்படியில் வேலை இருக்கக் கூடாது.

1. நாளும் நேரமும் குறிப்பது

மதியம்தான் சரி, இரவு வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போகும். ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். அந்த அழுகையும் பின்மதியம் தொட்டு மாலை வரையில்தான் அதிகம். பகல் பன்னிரண்டு மணிக்குச் சமாளிக்க முடிகிற குழந்தையை, மாலை ஏழு மணிக்கு யாராலும் சமாளிக்க முடியாமல் போகலாம்.

பிறந்து ஆறு வாரம் ஆகவில்லை என்றால் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். சாப்பாட்டை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சிசேரியன் ஆனவருக்கு அந்த வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். படியேறுவதும், பையைச் சுமப்பதும், வண்டியில் குலுங்கிக்கொண்டு வருவதும் சிரமம். கீழே சொல்லியிருக்கும் சாப்பாடெல்லாம் டப்பாவில் கட்டி எடுத்துப் போகவும் தோதானவைதான்.

தடுப்பூசி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம். அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிட்டு வேறு நாள் குறியுங்கள்.

‘சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்துவிடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். பச்சைக்குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். வாசலில் செருப்பை மாட்டும்போது பசித்து அழும். பால் கொடுத்து முடித்தால் துணி நனைந்திருக்கும். மாற்றி முடித்தால் தூங்கிவிடும். ஆகவே நேரத்தைச் சொல்லாமல் இடைவெளியைச் சொல்லுங்கள்: பதினொன்றரையிலிருந்து இரண்டு வரை.

2. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்டால் ‘எதுவானாலும் சரி’ என்றுதான் பதில் வரும். தூக்கமில்லாமல் இருப்பவர்களிடம் யோசிக்கிற வேலையைக் கொடுக்கக் கூடாது. இரண்டு சாப்பாட்டைச் சொல்லி, எது வேண்டும் என்று கேளுங்கள். நான் அனுப்புகிற செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘சனிக்கிழமை மதியம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. பதினொன்றரைலேர்ந்து ரெண்டுக்குள்ள எப்ப முடியுதோ அப்ப வரலாம். கோழியா, பருப்பும் காயுமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒத்துக்காதது ஏதாவது இருந்தா அதையும் சொல்லிடுங்க. எதுவும் கொண்டு வர வேண்டாம். கிளம்பும்போது ஒரு வார்த்தை அனுப்புங்க, போதும். அன்னைக்கு முடியலைன்னா கடைசி நிமிஷத்துல சொன்னாலும் பரவாயில்ல, சாப்பாட்டை நானே கொண்டு வந்து குடுத்துடறேன்.’

இதில் ‘ஒத்துக்காதது’ முக்கியமான கேள்வி. குழந்தைக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாமல் போனால், தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவையும் பால் பொருட்களை நிறுத்தச் சொல்லி மருத்துவர் சொல்லியிருக்கலாம். அப்படியானால் பால், தயிர், வெண்ணெய், சீஸ் எதுவும் கூடாது. கடையில் வாங்கும் ரொட்டியிலும் சாஸிலும் பால்பொடி கலந்திருக்கலாம், பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அம்மாவே எதையும் தவிர்க்கவில்லை என்றால் நீங்களாக எதையும் தவிர்க்க வேண்டாம். பால் கொடுக்கிறாள் என்பதற்காகக் காரம், பூண்டு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் விலக்கி, உப்புச் சப்பில்லாமல் சமைத்து வைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான அம்மாக்கள் எல்லாவற்றையும் சாப்பிடலாம். ‘இதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு வாயு’ என்று சாப்பாட்டு மேசையில் சொல்லவே சொல்லாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பவருக்குத் தினமும் கூடுதலாக 330 முதல் 400 கலோரி வரை தேவைப்படுகிறது. அந்தப் பசியோடு வந்தவர் ஒவ்வொரு கவளத்துக்கும் யோசிக்கும்படி செய்வது கொடுமை.

மூத்த குழந்தை ஒன்று கூட வருகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அதற்கென்று தனியாக வெறும் சாதமும் ஒரு முட்டையும் எடுத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

3. சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது

எந்தப் பதார்த்தமானாலும் முதலில் இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் இடது கையில் நான்கு கிலோ எடையுள்ள ஒரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் மட்டும் சாப்பிடுங்கள். கத்தி வேண்டியிருக்கிறதா? எலும்பைப் பிரிக்க வேண்டுமா? குழம்பு சொட்டுகிறதா? தட்டு நகர்ந்து போகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்தப் பதார்த்தம் வேண்டாம். மீன் முள், எலும்போடு கிடக்கும் துண்டு, நீளமான நூடுல்ஸ், வாயில் கொள்ளாத அளவு அடுக்கிய சாண்ட்விச், எண்ணெயிலிருந்து எடுத்த உடனே தின்ன வேண்டிய பொரியல் வகைகள் எல்லாம் இதில் அடிபட்டுப் போகும்.

எனக்குக் கைகொடுத்தவை இவை. எல்லா அளவும் நான்கு பெரியவர்களுக்கு.

பருப்பும் காயும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. தோல் நீக்கிய பருப்பு 250 கிராம், கேரட், பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எல்லாம் ஒரே பாத்திரத்தில். கரண்டியில் எடுத்தால் கொட்டாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். இது காத்திருப்பதில் மன்னன். முந்தின நாளே செய்து வைத்தால் ருசி இன்னும் கூடும். சாதத்தோடும் போகும், ரொட்டியோடும் போகும். முதல்முறை கூப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யலாம்.

ஓவன் தட்டில் கோழியும் உருளைக்கிழங்கும். எலும்பில்லாத தொடைக்கறி 750 கிராம் வாங்குங்கள். நெஞ்சுக்கறி காத்திருந்தால் வறண்டுவிடும், தொடைக்கறி அப்படி ஆகாது. உருளைக்கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, எண்ணெயும் உப்பும் பிசறி, 200 டிகிரியில் முதல் 15 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு மசாலா தடவிய கோழியை மேலே பரப்பி இன்னும் 25 நிமிடம். கோழியின் நடுவில் சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பரிமாறும் முன் எல்லாவற்றையும் ஒரு வாய் அளவுக்கு நறுக்கிவிடுங்கள்.

ஓவனில் சுட்ட கெட்டி ஆம்லெட். எட்டு முட்டை, வதக்கிய காய்கறி இரண்டு கப், உப்பு, மிளகு. பால் சேர்த்தால் மென்மையாக வரும், சேர்க்காவிட்டாலும் குறையில்லை. 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் கத்தியைக் குத்திப் பார்த்தால் ஈரம் ஒட்டக் கூடாது. சதுரமாக வெட்டி வைத்தால் தட்டே இல்லாமல் கையில் எடுத்துச் சாப்பிடலாம். ஆறினாலும் ருசி மாறாத சாப்பாடு இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். ஆகவே வேறு என்ன செய்தாலும் இதையும் ஒரு தட்டு செய்து வைப்பது என் வழக்கம்.

கிண்ணச் சாதம். 350 கிராம் அரிசியை வடித்து, மேலே வெந்த கொண்டைக்கடலை, வெள்ளரி, கேரட், பாதியாக வெட்டிய அவித்த முட்டை, தயிரோ எலுமிச்சையோ கலந்த சாஸ். எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்து, அவரவருக்கு வேண்டியதைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கலாம். குழிவான கிண்ணமாக இருக்கட்டும். தட்டையான தட்டில் ஒரு கையால் சாதத்தைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் ஈரத்துணியை மடித்து வையுங்கள், நகராது. இந்தச் சின்ன விஷயத்துக்கு என் நண்பர்கள் சாப்பாட்டைவிட அதிகமாக நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

குட்டை பாஸ்தா, ரோல் இரண்டும் நல்லவைதான். ரோல் செய்தால் அடிப்பாதியைக் காகிதத்தில் இறுகச் சுற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருப்பது குழந்தையின் தலையில் விழும்.

சூப் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு எளிதாகத் தோன்றும் முதல் யோசனையே அதுதான். ஆனால் கொதிக்கக் கொதிக்க நீர்த்த எதுவும் குழந்தை மடியில் இருக்கும்போது பக்கத்தில்கூட வரக் கூடாது.

இனிப்புக்கு நறுக்கிய பழம் போதும். கேக்கும் புட்டிங்கும் செய்ய ஆரம்பித்தால் நீங்கள் களைத்துவிடுவீர்கள், அவர்கள் அதுவரை உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள்.

4. அளவும் செலவும்

வருகிறவர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிச் சமையுங்கள். மீதி அவர்கள் வீட்டுக்குப் போகும். அன்றைய ராத்திரிச் சாப்பாடு கையில் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு உண்மையான விருந்து.

இரட்டிப்பு அளவு என்றதும் செலவு பயமுறுத்தும். பருப்பு, முட்டை, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு என்று போனால் அவ்வளவு ஆகாது. கோழியை மட்டும் தலைக்கு 180 கிராம் என்று கணக்குப் பார்த்து, பருப்பை இரட்டிப்பாக்குங்கள். பணம் வீணாவது வேறு இடங்களில். ஐந்தாறு வகை நொறுக்குத்தீனி, பலவகைக் குளிர்பானம், மேசை அலங்காரம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். வந்தவர்களுக்கு அவற்றைத் தொட நேரமே இருக்காது. அந்தக் காசில் மூடி இறுகப் பொருந்தும், திருப்பித் தர வேண்டியிராத டப்பாக்கள் வாங்குங்கள். டப்பாவைக் கழுவித் திருப்பித் தருவது புதிதாகப் பெற்றவர்களுக்கு இன்னொரு கடன்.

5. முந்தின நாளும் அன்றைய காலையும்

இரண்டு நாள் முன்னால் சாமான் வாங்கிவிடுங்கள்.

முந்தின நாள் காலையில் கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். இரவுதானே ஊறப்போடுவது என்று நினைத்தால், அதை வேகவைக்கிற வேலை அன்றைய காலையில் வந்து விழும். முந்தின நாள் மாலை வேகவைத்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். பருப்பையும் அப்போதே செய்து முடியுங்கள். பெரிய பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் தள்ளாமல், அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

அன்று காலை ஒன்பதரைக்கு ஆம்லெட்டுக்குக் காயை வதக்கி வைத்துவிட்டு, பழம் நறுக்குவது, கோழிக்கு மசாலா தடவுவது. கோழியை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பத்தே முக்காலுக்கு ஆம்லெட். பதினொன்றே காலுக்கு அரிசி. ரைஸ் குக்கராக இருந்தால் சூடாக வைக்கும் நிலையில் விட்டுவிடலாம். 60 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கும் சாதம் கெடாது.

கோழியை மட்டும் முன்கூட்டியே ஓவனில் வைக்காதீர்கள். ‘கிளம்பிட்டோம்’ என்று செய்தி வந்தபிறகு ஓவனைப் போடுங்கள். அவர்கள் வந்து, செருப்பைக் கழற்றி, பால் கொடுத்து, மூச்சு விட்டு உட்காரும்போது கோழி தயாராக இருக்கும். அவர்கள் தாமதித்தாலும் உங்களுக்கு இழப்பில்லை.

வெளியே எடுத்து வைத்த சாப்பாடு இரண்டு மணி நேரம் தாங்கும். வெயில் 32 டிகிரிக்கு மேல் கொளுத்துகிற நாளானால் ஒரு மணி நேரம்தான். ஆம்லெட்டுக்கும் இதே கணக்கு. அவர்கள் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, வந்தபின் எடுங்கள்.

6. வீட்டில் தயார் செய்ய வேண்டியவை

வீட்டைப் பளபளவென்று வைக்க வேண்டிய அவசியமில்லை. கீழ்க்கண்டவை இருந்தால் போதும்.

பால் கொடுக்க ஓர் இடம். கதவைச் சாத்தக்கூடிய அறையாக இருந்தால் நல்லது. சாய்ந்து உட்கார, கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும். பள்ளமாக அமுங்கும் சோபாவில் உட்கார்ந்தால் தையல் போட்டவருக்கு எழுந்திருப்பது வலி. நாற்காலிக்குப் பக்கத்தில் எட்டும் தூரத்தில் தண்ணீர். பால் சுரக்க ஆரம்பித்ததும் தொண்டை வறளும். திருகுமூடி பாட்டில் ஒரு கையால் திறக்காது என்பதால் ஸ்ட்ரா வைத்த பாட்டிலோ, முக்கால்வாசி நிரப்பிய டம்ளரோ வையுங்கள். கூடவே அந்த ஆம்லெட் துண்டு இரண்டு. ‘தனியாக உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும்’ என்று அர்த்தமாகிவிடாமல், ‘அறை தயாராக இருக்கிறது, இங்கேயே உட்கார்ந்தாலும் சரி’ என்று சொல்லுங்கள்.

துணி மாற்ற ஓர் இடம். கட்டிலோ மேசையோ வேண்டாம். தரையில் கெட்டியான விரிப்பும் அதன் மேல் ஒரு துண்டும் போதும், தரையிலிருந்து யாரும் கீழே விழ முடியாது. பக்கத்தில் மூடி போட்ட குப்பைத்தொட்டி.

தூங்க ஓர் இடம். இதில் சமரசமே கூடாது. தட்டையான, உறுதியான பரப்பில், மல்லாக்க, தலையணையும் போர்வையும் இல்லாமல் படுக்க வைக்க வேண்டும். சோபாவில் படுக்கவைப்பதும், சோபாவில் பெரியவர் ஒருவர் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வதும் மிகவும் ஆபத்து. காருக்கான இருக்கையில் தூங்கிய நிலையில் தூக்கி வந்தால், அப்படியே மூலையில் வைத்துவிடாமல் தட்டையான இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மடக்குத் தொட்டில் இருந்தால் கொண்டு வரச் சொல்லலாம்.

அன்றைக்குச் சென்ட், ஊதுபத்தி, சிகரெட் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். நாய், பூனை இருந்தால் வேறு அறையில்.

வீட்டில் யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் விருந்தைத் தள்ளிப்போடுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். உங்களுக்கு வெறும் தும்மலாக இருப்பது அவர்களை எங்கே கொண்டு நிறுத்தும் என்று சொல்ல முடியாது.

7. அவர்கள் வந்தபிறகு

கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள். உடனே குழந்தையை வாங்க வேண்டாம். ‘சாப்பிடும்போது நான் வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேளுங்கள். சிலருக்குக் கொடுக்க மனம் வராது. அவர்களை வற்புறுத்தக் கூடாது. அதற்காகத்தான் ஒரு கையால் சாப்பிடும் சாப்பாடு.

கொடுத்தார்கள் என்றால் இரண்டு பந்தியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் அம்மாவும் அப்பாவும். இரண்டாம் பந்தியில் நீங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். அம்மாவின் தட்டை முதலில் நிரப்புங்கள், குழந்தை எப்போது கூப்பிடும் என்று தெரியாது. ‘எல்லாரும் வரட்டும்’ என்று அவர் காத்திருந்தால், ‘நீ சாப்பிடு, சூடு ஆறுது’ என்று தட்டைக் கையில் கொடுங்கள்.

குழந்தையைத் தூக்கும்போது கழுத்துக்கு அடியில் கை இருக்கட்டும். முத்தம் வேண்டாம். உதட்டில் அக்கிக் கொப்புளம் வந்து போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்தத் தொற்று பச்சைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியும். குழந்தை கையில் இருக்கும்போது காபி, டீ குடிக்கக் கூடாது. போட்டுப் பதினைந்து நிமிடம் ஆன டீகூடக் குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். வேறு விருந்தினர்களும் இருந்தால், குழந்தையின் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் வரை தண்ணீர் கிடையாது. ஒரு வயது வரை விரல் நுனியில் தொட்டுக்கூடத் தேன் கிடையாது.

அழுதால் எல்லோரும் எழுந்து போய்ச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். யோசனையும் சொல்லாதீர்கள். அவர்கள் கேட்டால் மட்டும் உதவுங்கள், மற்றவர்கள் பேச்சைத் தொடருங்கள். அது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

8. கட்டிக்கொடுப்பது

அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் கட்ட ஆரம்பியுங்கள், கிளம்பும்போது இல்லை. கிளம்புவது என்பது திடீரென்று நடக்கும்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, என்ன சாப்பாடு, என்றைக்குச் செய்தது, எப்படிச் சூடாக்குவது, எந்த நாளுக்குள் சாப்பிடுவது என்று எழுதுங்கள். ‘பருப்பு, நாளன்னைக்கு வரைக்கும் நல்லாருக்கும்’ என்று வாயால் சொன்னது தூக்கமில்லாதவர்கள் தலையில் நிற்காது. பருப்பும் கோழியும் ஃபிரிட்ஜில் சமைத்த நாளிலிருந்து மூன்று நாள் தாங்கும். பருப்பை ஃப்ரீசரிலும் வைக்கலாம். சாதத்தில் மட்டும் கறாராக இருங்கள். வெந்த அரிசியில் தப்பிப் பிழைக்கும் ஒரு கிருமி, சாதம் வெளியே கிடந்தால் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் போகாத நஞ்சை உண்டாக்கும். ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்த சாதத்தை மட்டும் கொடுங்கள், மறுநாளுக்குள் சாப்பிடச் சொல்லி எழுதுங்கள். குக்கரில் நாள் முழுதும் இருந்ததைக் கட்டாதீர்கள். வழி தூரமானால் சாதமே வேண்டாம், ரொட்டி கொடுங்கள்.

9. வராமல் போனால்

நடக்கும். பதினொரு மணிக்கு ‘ராத்திரி பூரா தூங்கல, மன்னிச்சுக்கோ’ என்று செய்தி வரும். பதிலில் வருத்தம் தெரியக் கூடாது. ‘நல்லா தூங்குங்க, ஒரு மணிக்குச் சாப்பாட்டை வாசல்ல வச்சிட்டு உனக்கு மெசேஜ் போடறேன், கதவைத் திறக்கணும்னு கூட இல்ல’ என்று அனுப்புங்கள். ஓவனைப் போடாததால் கோழி பச்சையாகவே இருக்கும், அதை உங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பருப்பையும் ஆம்லெட்டையும் ரொட்டியையும் பழத்தையும் கட்டி, தாள் ஒட்டி எடுத்துப் போங்கள். அழைப்புமணியை அடிக்காதீர்கள். சொன்ன நேரத்தில் வையுங்கள், எடுத்துவிட்டார்களா என்று பத்து நிமிடம் கழித்து ஒரு செய்தியில் கேட்டுக்கொள்ளுங்கள்.